கொம்பு நாலு

ஜனவரி 7, ஞாயிறு

காலையிலிருந்து பனி கொட்டுகிறது. இவருக்கு முழங்கால் உளைவு, தைலம் பூசிவிட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. மத்தியானத்துக்குப் பிறகு இந்திரா பதினோராம் மாடியிலிருந்து ஒரு சட்டி ஒடியல் கூழோடு இறங்கி வந்தாள்.

இரண்டு பேருமாக அறுபத்திரண்டு டோக்கன்களை மேசையில் பரப்பிப் பிரித்தோம். நாணயச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து காலமான ஒருவருடைய சேகரிப்பு அது. வகை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் விட்டிருக்கிறார்கள். எல்லாம் மேல் கனடா வங்கி வெளியிட்டவை. கனடாவுக்குச் சொந்தச் செப்புக்காசு வருவதற்கு முன், சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக வங்கிகள் இங்கிலாந்தில் அடிப்பித்துக் கப்பலில் இறக்கிய டோக்கன்கள். ஒரு பக்கத்தில் குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் செயின்ட் ஜோர்ஜ்.

1854ஆம் ஆண்டுப் பென்னியில்தான் எங்கள் கண் எப்போதும். அந்த 4 இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் குறுக்குக் கோடு வெறுமனே முடியும். மற்றதில் கோட்டின் முனையில் கடுகில் பாதியளவு ஒரு குத்துக்கோடு நிற்கும். முதலாவதை நாங்கள் மொட்டை நாலு என்போம், இரண்டாவதைக் கொம்பு நாலு. கொம்பு நாலு அரிது. இன்றைக்கு அகப்பட்டது ஒன்றே ஒன்று. கண்டது இந்திரா. இடக்கையால் விளிம்பில் பிடித்து என் முன்னால் வைத்தாள்.

நான் பார்த்துச் சரியென்ற டோக்கனைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, ஆண்டு, வகை, எடை எழுதி, மூலையில் தமிழில் 'ச' என்று போடுவேன். சற்குணம் என்ற என் பெயரைச் சங்கத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனால் அந்தச் 'ச'வை எல்லோருக்கும் தெரியும். உறையில் அது இருந்தால் மறுபேச்சில்லை.

மார்ச் கூட்டத்தில் என்னைச் சங்கத்தின் பரிசோதகராக அறிவிக்கப்போகிறார்கள். இந்திராவிடம் சொன்னேன்.

"உங்களுக்குப் பரிசோதிக்கிறது புதிசோ அக்கா?" என்று சிரித்தாள்.

அதுவும் சரிதான். ஸ்காபரோவில் ஒரே பக்டரியில் பதினேழு வருடம் அவள் சர்க்கிட் போர்டுகளில் ஈயப்பற்று வைத்தாள். நான் அடுத்த மேசையில் நுணுக்குக்காட்டி வைத்து அந்தப் பற்றுகளைப் பரிசோதித்தேன். 2008இல் ஆட்குறைப்பு வந்தது. அவளை நிறுத்தினார்கள், நான் இன்னும் எட்டு வருடம் இருந்தேன். மேலிடத்து முடிவு. அதில் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

ஜனவரி 13, சனி

சங்கக் கூட்டம். பனி வழுக்கியதால் இவர் காரை மெல்ல ஓட்டி, அரை மணி பிந்திப் போனோம். இந்திரா வரவில்லை, மூக்கு ஒழுகுகிறது, தடிமன் என்றாள்.

வோல்ட்டர் எனக்காகக் காத்திருந்தார். எண்பத்திரண்டு வயது, ட்ராம் ஓட்டி இளைப்பாறியவர். பதின்மூன்று வருடத்துக்கு முன் நான் முதன்முதலாக அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது, எழுந்து கதிரை இழுத்துப் போட்ட ஒரே ஆள். இன்று சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, குழந்தையைப் போல ஒளித்து ஒளித்துக் காட்டினார்.

"கடைசியில் எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. கொம்பு வைத்த 4. உங்கள் உறையிலேயே."

என் எழுத்துத்தான். என் 'ச'தான். எடை எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. எடை போடாமல் நான் உறை கொடுப்பதில்லை.

யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை, தன்னிடமிருந்த அரைப்பென்னி ஒன்றை வாங்கிக்கொண்டு அதற்கு மாற்றாக ஒருவர் தந்தார், பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டிருக்கிறார் என்றார். கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் எடை போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தக் கணமே என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

மொட்டை நாலு. கொம்பு பிறகு வைக்கப்பட்டது. மயிரிழை போன்ற ஈயத்தை உருக்கி நிறுத்தி, சீவி, மேலே கறுப்பேற்றியிருக்கிறது. சுற்றியுள்ள செம்பில் சூடு பட்ட வட்டம் மங்கலாகத் தெரிகிறது. மற்றவர்களுடைய கண்ணுக்குத் தெரியாது. நல்ல வேலை. கைதேர்ந்தவர் செய்த வேலை. முடிவில் ஈயம் உருக்கும் சூட்டு இரும்பை இடப்பக்கமாக இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

இடக்கைக்காரர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

அலுமாரியில் உறைப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். ஒக்டோபரில் ஒருநாள் கை ஓடிய வேகத்தில் கொம்பு நாலுக்கென்று ஆறு உறை எழுதி வைத்தேன். மூன்று பாவித்தேன். மூன்று மிச்சமிருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கின்றன. ஒன்றை நானே தவறி எறிந்திருப்பேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வெளியே பொங்க வழியில்லை, அடுப்பில்தான். இந்திரா வந்தாள், மகன் வீட்டிலிருந்து கரும்பு கொண்டுவந்தாள். தடிமன் இருந்த மாதிரித் தெரியவில்லை.

இவர் இரண்டாந்தரம் பொங்கல் கேட்டார். "சீனி வருத்தத்தை மறந்திட்டீங்களோ அண்ணை?" என்று இந்திரா அகப்பையைப் பறித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "கூட்டத்தில வோல்ட்டர் என்னவாம்?"

"ஏன்?"

"சும்மாதான். ஏதும் புதுசாக் கொண்டு வந்தவரோ எண்டு."

"ஒண்டுமில்லை" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த தட்டை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

ஜனவரி 22, திங்கள்

இவருக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று மணித்தியாலம். இந்திராவும் கூட வந்திருந்தாள். இவருடைய மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். வேலை போய் அவள் எட்டு மாதம் வீட்டில் இருந்தபோது வாராவாரம் மரக்கறி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? பிறகு அலுவலகங்களைத் துடைக்கும் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது யார்? இந்த டோக்கன்களைப் பார்க்கப் பழக்கியது யார்? என் அலுமாரி, என் பெட்டி, என் உறை. என் வீட்டில் அவள் தொடாத பொருள் ஒன்றில்லை. அப்படி விட்டிருந்தேன்.

அவள்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, சனி

சாப்பாட்டில் இருக்கும்போது இவர் கேட்டார்: "ஏன் இப்பவெல்லாம் இந்திரா வந்தால் நீர் குசினிக்குள்ள போய் நிக்கிறீர்?"

"வேலை கிடக்கு."

"ரெண்டு பேருக்குச் சமைக்க என்ன அவ்வளவு வேலை?"

சொதிக்கு உப்புப் போட மறந்திருந்தேன். அவர் அப்படியே குடித்து முடித்தார்.

பதினேழு வருடம் அவள் வைத்த பற்றுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலாயிரம். பெயர் எழுதாத போர்டைக் கொடுத்தாலும் எது இந்திரா, எது மற்றப் பெண்கள் என்று சொல்லுவேன். இடப்பக்கமாக ஒரு சின்ன வால் விடுவாள். வேறு எவரும் அப்படி விடுவதில்லை.

சரி. அவள்தான்.

பிப்ரவரி 10, சனி

சங்கக் கூட்டம். வோல்ட்டருக்கு அவருடைய உறையைத் திருப்பிக் கொடுத்தேன். எடையையும் எழுதியிருந்தேன்.

"எப்படி?" என்றார்.

"நல்லது" என்றேன்.

வயதுபோன மனிதர். அவருடைய சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்? போலியென்று சொன்னால் இந்திராவின் பெயர் வெளியே வரும், மகனும் மருமகளும் தலைகுனிய நேரும். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன்.

என் உறையில் இருந்தது என்பதும் உண்மைதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தலையிடி. ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

சங்கத் தலைவர் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். சித்திரை இதழில் வரப்போகும் என்னுடைய கட்டுரைக்கு, கொம்பு நாலுக்கு மாதிரியாக வோல்ட்டரின் டோக்கனைப் படம் பிடிக்கப்போகிறார்களாம். வோல்ட்டர்தான் ஆசைப்பட்டுக் கேட்டாராம். கீழே என் பெயர் வரும். இனி வருகிறவர்கள் அந்தப் படத்தை வைத்துத் தங்களுடையதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மிக்க மகிழ்ச்சி என்று பதில் எழுதினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இவர் கோயிலுக்குப் போயிருந்தார். இந்திரா வந்தாள். வெறுங்கையோடு அவள் இந்த வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தரம். கதிரை நுனியில் இருந்தாள்.

"வோல்ட்டர் ஃபோன் எடுத்தவர். நீங்கள் நல்லதெண்டு சொன்னீங்களாம்."

"ஓம்."

"உங்களுக்கு உண்மையாவே தெரியேல்லையோ அக்கா?"

"தெரிஞ்சது."

"எப்ப?"

"பாத்த உடனேயே. ஆரின்ர கை எண்டு அடுத்த நாள் தெரிஞ்சது."

அவள் முகம் மாறவில்லை. "அப்ப ஏன் நல்லதெண்டனீங்கள்?"

"உனக்காகத்தான். வேற ஆருக்காக?" "என்ர அலுமாரியைத் திறந்து, என்ர உறையை எடுத்து, என்ர கையெழுத்துக்குள்ள பொய்யை வச்சுக் குடுத்திருக்கிறாய். என்ர மேசையில சாப்பிட்டிட்டுத்தானே செய்தனி? நான் உனக்கு என்ன குறை வச்சனான், இந்திரா?"

அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"போன ஐப்பசி ஷொப்பிங் மாலில ரோசலியைக் கண்டனான்."

ரோசலி பக்டரியில் எங்கள் பிரிவின் சூப்பர்வைசர். பிலிப்பீன்ஸ்காரி.

"அவவுக்கு இப்ப சுகமில்லை. என்ர கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டவ. ஏன் எண்டு கேட்டன். 'உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை, ஆனா உன்ர சிநேகிதிதானே உன்ர பேரைத் தந்தவ' எண்டவ."

வெளியே பனி தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ரோசலி சொல்லுறதை எல்லாம் நம்பாதை."

"சரி. நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை நம்புறன்."

"நான் போர்டில கண்டதைத்தான் எழுதினனான்."

"என்ர பற்றில பிழை இருந்ததோ?"

"இடைக்கிட இருந்தது."

"மற்ற ஆக்களின்ரயில?"

மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டேன்.

"பதினைஞ்சு வருசமா நீங்கள் மரக்கறிப் பையோட கதவைத் தட்டினதை நினைச்சு நினைச்சுச் சந்தோசப்பட்டனான்" என்றாள். "ஐப்பசியில இருந்து அந்தப் பையை நினைச்சால் மரக்கறிக் கடைக்குள்ள போகவே மனம் வருகுதில்லை. உங்களைக் கேட்டால் மறுப்பீங்கள் எண்டு தெரியும். அதால ஒரு பிழையான வேலையைச் செய்து உங்கட பேருக்குள்ள வச்சன். என்ன செய்வீங்கள் எண்டு பாக்க. பிழையெண்டு சொல்லித் தூக்கி எறிவீங்கள், அப்ப ரோசலி சொன்னது பொய், அக்கா ஆருக்காகவும் பிழையைச் சரியெண்டு சொல்லாத மனுசி எண்டு நினைச்சிருப்பன். உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பன்."

எழுந்தாள்.

"உங்கட பேருக்காக என்ர பிழையைச் சரியெண்டீங்கள். அண்டைக்கு உங்கட வேலைக்காக என்ர சரியைப் பிழையெண்டீங்கள்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். இவர் வந்து, இந்திரா வந்தாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

விடுமுறை. அலுமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டோம். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

துரோகம் செய்தவள் அவள். இதை நான் எழுதி வைக்க வேண்டும். ஒரு வயதுபோன மனிதரை ஏமாற்றியவள் அவள். திருடியவள் அவள். ரோசலியின் அறைக்குள் என்ன நடந்தது என்று அவளுக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆறு நாளாக இதை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

அது 2008இல் ஒரு செவ்வாய்க்கிழமை. ரோசலி என்னைக் கூப்பிட்டு, பற்று வைக்கும் வரிசையில் ஒருவர் போக வேண்டும், பிழை அதிகம் விடுகிறவர் யார் என்று கேட்டாள். எல்லோரும் ஒரே அளவுதான் என்றேன். அது உண்மை. "அப்படியென்றால் பரிசோதனை மேசையில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறேன்" என்றாள். பரிசோதனை மேசையில் நான் மட்டும்தான் தமிழ். கடைசியாகச் சேர்ந்தவளும் நான். மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. இவருக்கு அப்போது வேலை இல்லை.

பெயர் சொன்னேன். அடுத்த இரண்டு கிழமை அவளுடைய போர்டுகளில் நல்ல பற்றுகளின் மேலும் பிழையென்று காட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன், நான் சொன்ன பெயருக்குப் பொருந்தும்படி.

அவளுடைய கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இருந்தது, அதனால்தான் அவள் என்று பதினைந்து வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் வரிசையில் அப்படி இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இந்திராவைச் சொன்னதற்குக் காரணம் வேறு. அவள் ஒருபோதும் என்னைச் சந்தேகிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 9, சனி

சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில் காருக்குள் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்த் தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அவள் எட்டு மாதம் வீட்டில இருந்தவள். எங்களோட இருந்து சாப்பிட்டவள். நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர்" என்றார். உள்ளே வரவில்லை.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தி, பரிசோதகராக அறிவிக்க எழுந்தார். அதற்கு முன் ஒரு வார்த்தை என்று கேட்டு நான் முன்னால் போனேன். வோல்ட்டரின் டோக்கன் மொட்டை நாலு, கொம்பு ஈயத்தால் வைக்கப்பட்டது, அது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே பிப்ரவரியில் நல்லதென்றேன் என்று சொன்னேன். என் ஆங்கிலம் தடக்கியது. ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. கட்டுரையைப் போட வேண்டாம், பரிசோதகர் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"செய்தது யாரென்று தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியும். சொல்லமாட்டேன்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. எல்லோரும் வோல்ட்டரைப் பார்த்தார்கள். "நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னார்.

வெளியே வரும்போது கோட்டுக் கொளுவும் இடத்தில் நின்றார். உறையிலிருந்து டோக்கனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வெறும் உறையை என்னிடம் நீட்டினார்.

"ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், சற்குணம்" என்றார். என் பெயரை முதன்முறையாகச் சரியாக உச்சரித்தார். எவ்வளவு நாள் பழகிப் பார்த்தாரோ.

மார்ச் 14, வியாழன்

உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரம் இந்திரா உள்ளே வந்தாள். வேறு யாரும் இல்லை. பதினோராம் இலக்கத்தை அமத்திவிட்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள். தலைமுடியின் அடி வெள்ளையாக இருந்தது. மாதாமாதம் நான்தான் சாயம் பூசிவிடுகிறது.

"சொன்னீங்களாம். வோல்ட்டர் சொன்னவர்" என்றாள்.

"ஓம்."

"என்ர பேரைக் கேட்டவையாம்."

"நான் சொல்லேல்லை, இந்திரா."

நாலாம் மாடி, ஐந்தாம் மாடி.

"அண்டைக்கு நான் செய்தது பிழை" என்றேன். "உன்ர பற்றில ஒரு பிழையும் இருக்கேல்லை."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், ஏற்கெனவே தெரிந்த செய்தியைக் கேட்பதுபோல.

"இப்ப என்ர பேரைச் சொல்லாமல் விட்டனீங்களே அக்கா" என்றாள். "அது எனக்காகவோ? இல்லாட்டி, அண்டைக்குப் பக்டரியில நடந்ததில நானும் உங்கட பேரைச் சொல்லாமல் விடவேணும் எண்டோ?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். நான் யோசித்தேன். உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு அது தெரியவில்லை.

பதினோராம் மாடி வந்தது. ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான் என் மாடியின் பொத்தானை அமத்தவே இல்லை. லிஃப்ட் என்னையும் உடுப்புக் கூடையையும் உச்சிவரை கொண்டுபோய், யாரோ அழைத்துவிட்டுப் போன வெறும் நடைக்குக் கதவைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி கீழே இறக்கியது.